கை வீசாமல் நடக்கிறவள்

பிரே, ஷெட்லாண்ட் தீவு
9 பிப்ரவரி 1988

மதிப்புக்குரிய மிஸ் டூஹி அவர்களுக்கு,

உறையின் பின்னால் இருக்கும் இங்ஸ்டர் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் நோரின் ஷானஹன். பழைய பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று பயந்து, கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயரை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதற்கு ஒன்பது வருஷம் தாமதமாகிவிட்டது. உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. அது இந்த உலகத்தில் இப்போது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு ஒரு மகள், இங்கா. நாலு வயது. கணவர் மேக்னஸ் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். கிறிஸ்துமஸ் முடிந்து போனவர் மார்ச் நடுவில்தான் வருவார். அதுவரை இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அவளும் நானும். பக்கத்து வீடு என்று சொல்லக்கூடியது அரை மைல் தள்ளி.

போன வாரம் நாலு வயதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். எடை, காது, கண் எல்லாம் சரி. கடைசியில் நர்ஸ் மிஸஸ் ஜேமிசன் அவளைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். நடந்தாள். "ஓடு பாப்போம், கண்ணு" என்றார். ஓடினாள். மிஸஸ் ஜேமிசன் என்னைப் பார்த்து, "இந்தக் குட்டி எப்பவும் கையே வீச மாட்டாளா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் பார்த்தேன். கால் ஓடுகிறது, கை இரண்டும் பசை போட்டு ஒட்டின மாதிரி பக்கவாட்டில் இருக்கிறது. நாலு வருஷமாகப் பெற்றவள் கண்ணில் படாதது அந்த அம்மாவுக்கு நாலு நிமிஷத்தில் பட்டுவிட்டது.

டாக்டர் வந்து முழங்கை, தோள் எல்லாம் தட்டிப் பார்த்தார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டா?" இல்லை என்றேன். "கொஞ்சம் நீங்க நடங்க." நடந்தேன். தலை நிமிராமல் எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தேன்: தாய்க்கும் அப்படியே.

சின்ன வயதில் ஐரிஷ் நடனம் ஆடினேன், அதில் கையை அசைக்கக் கூடாது என்று சொன்னேன். சிரித்தார். "அது மேடையிலம்மா. நீங்க இப்ப கடைக்குப் போறப்பவும் இப்படித்தானே நடக்குறீங்க? ஆடுறத விட்டு ஒன்பது வருஷம்னு வேற சொல்றீங்க."

பிறவியிலேயே எனக்கு இது இருந்திருந்தால் ரத்தத்தில் வருவதாம். அப்படியென்றால் மார்ச் 24 அன்று இங்காவை அபர்தீன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், கையின் தசைக்குள் ஊசி செலுத்திச் சோதிக்க வேண்டும். எனக்குப் பிறவியில் இல்லையென்றால் அவ்வளவு அவசரமில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். நூலக வண்டியில் வந்த மருத்துவப் புத்தகத்தைப் படித்துத் தொலைத்தேன். படித்திருக்கக் கூடாது.

என் அம்மா, இங்கா பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் போய்விட்டாள். அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "உனக்கு ரெண்டு கை இருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

1967 அக்டோபரில், ஆறு வயதில், உங்கள் நடன வகுப்புக்கு முதல் நாள் வந்தேன். அன்றைக்கு உள்ளே நடந்து வந்தபோது நான் கை வீசினேனா? வீசினேன், வீசவில்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நோரின்

*

என்னிஸ்டைமன், கிளேர்
18 பிப்ரவரி 1988

நோரின்,

எந்தப் பெயரை உறையில் போட்டாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரியும். சாய்வு எழுத்து, வரியை விட்டு மேலே ஏறும்.

குழந்தை விஷயம் கேட்டு வருத்தம். ஆனால் நானூறு பிள்ளைகளுக்கு மேல் என் வகுப்பு வாசலைத் தாண்டியிருக்கிறார்கள். யார் எப்படி உள்ளே வந்தார்கள் என்று நான் குறித்து வைத்துக்கொள்வதில்லை. எப்படி வெளியே போனார்கள் என்பதுதான் ஞாபகம் இருக்கும்.

கை அசையாமல் இருப்பது நோய் என்று ஒரு டாக்டர் சொன்னால், அவரை இங்கே கூட்டிக்கொண்டு வா. இந்த ஊரில் அதற்குக் கோப்பை கொடுக்கிறோம்.

நீ எப்படி வெளியே போனாய் என்பதை மட்டும் சொல்கிறேன். காலேஜ் படிக்க கால்வே போனவள் அங்கேயே மிஸஸ் கெரிகனிடம் சேர்ந்துகொண்டாய். சேரட்டும். பிள்ளைகள் ஆசிரியையை மாற்றுவது நடக்கிறதுதான். ஆனால் ஒருத்தி அமைத்த ஆட்ட அடி அவளுடையது. போகிறவள் சட்டையை எடுத்துக்கொண்டு போகலாம், ஷூவை எடுத்துக்கொண்டு போகலாம், அடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாறினவள் ஆறு மாதம் மேடை ஏறாமல் காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதே பழைய அடி காலை விட்டுப் போகட்டும் என்றுதான். நீயும் காத்திருந்தாய். காத்திருந்துவிட்டு மேடை ஏறி, கெரிகன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து உனக்கென்று அமைத்த அடியை ஆடினாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் காதில், "அட்ராக்டா, இது உன்னோடதுதானே?" என்றாள். எழுந்து வெளியே வந்து மழையில் நின்றேன்.

எனக்கு அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்ரிக் திருநாள் ஊர்வலத்துக்கு நாள் நெருங்குகிறது. குழந்தைக்காக ஜெபம் செய்கிறேன்.

அ. டூஹி

*

பிரே
27 பிப்ரவரி 1988

மிஸ் டூஹி,

ஒரு சொல் கேட்டேன். நீங்கள் ஒரு பக்கம் எழுதினீர்கள், அந்தச் சொல் மட்டும் அதில் இல்லை.

உங்களுக்கு ஞாபகம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. 1971-ல் லிம்ரிக் போட்டியில் எனக்கு எந்தக் காலுறை வழுக்கியது என்று உங்களைக் கேட்டால் இடதா வலதா என்று சொல்வீர்கள்.

அந்த அடி விஷயம். நான் திருடவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், நீங்கள் நின்று கேட்டிருந்தால். மிஸஸ் கெரிகன் எனக்குப் புது அடி கொடுத்திருந்தார். ஆறு மாதம் அதைத்தான் பழகினேன். விடுதிக் குளியலறையில், பஸ் ஸ்டாப்பில், நூலகத்து மேஜைக்கு அடியில் எல்லாம் அதைத்தான். மேடையில் அக்கார்டியன் ஆரம்பித்தது. எட்டு தாளம் நின்றேன், கால் எடுத்தேன், உங்களுடையது வந்தது. நிறுத்த நினைத்தேன். நினைக்க நினைக்க ஆடிக்கொண்டே இருந்தேன். உங்கள் நாற்காலி காலியானதைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். என்னுடைய கால், என் சொல்லைக் கேட்கவில்லை.

கீழே இறங்கினதும் மிஸஸ் கெரிகன், "கண்ணு, உனக்கு ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருக்காங்க. நான் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. கல்யாணத்தில்கூட ஆடவில்லை. மேக்னஸின் உறவுக்காரர்கள் எல்லாம் எனக்கு ஆடவே வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போகட்டும். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இன்றைக்குக் காலையில் இங்கா தோட்டத்தில் முயலைத் துரத்தி ஓடி, தடுக்கி விழுந்தாள். கை முன்னால் வரவில்லை. மிஸ், விழுகிற குழந்தைக்குக் கை தானாக முன்னால் வரும். இவளுக்கு முகம்தான் முதலில் தரையில் பட்டது. உதடு கிழிந்துவிட்டது. ஈரத்துணியால் ஒத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்னைப் பார்த்து, "நான் அழலம்மா, பாத்தியா?" என்றாள்.

24-ஆம் தேதிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. விமானச் சீட்டு வந்துவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று தெரியாமல் அந்த ஊசிக்கு அவள் கையை நீட்டிப் பிடிக்க என்னால் முடியாது. தெரிந்தால், எதுவாக இருந்தாலும், பிடிப்பேன்.

வீசினேனா, இல்லையா?

நோரின்

*

என்னிஸ்டைமன்
7 மார்ச் 1988

நோரின்,

வீசினாய்.

அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் அதற்குப் பின்னால் இருப்பதையும் எழுத வேண்டி வரும் என்று தெரிந்து, வேறு எதையோ எழுதி உறையை ஒட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. உன் அம்மா பழுப்புக் கோட்டு போட்டிருந்தாள். நீ கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாய், இரண்டு கையும் காற்றாலை மாதிரி சுற்றிக்கொண்டு. மூலையில் ஸ்டூல் மேல் குழந்தை இயேசு சிலை இருந்தது. உன் வலது கை பட்டுக் கீழே விழுந்து தலை தனியாகப் போனது. உன் அம்மா வெளிறிப்போனாள். நீ தலையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டி, "பசை இருக்கா?" என்றாய். அவ்வளவு வீச்சு உள்ள கையை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இதை உன் டாக்டரிடம் காட்டு. வேண்டுமானால் பாதிரியார் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

இனிப் பின்னால் இருப்பது.

கை அசைகிற பிள்ளைகளுக்கு நான் ரிப்பன் கட்டுவது வழக்கம். மணிக்கட்டில் ஒரு முடிச்சு, இடுப்புப் பெல்ட்டில் ஒரு முடிச்சு. எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். உனக்கு ஒரு வருஷம் கட்டினேன். ஏன் என்று கேட்பாய். மற்றவர்கள் அழுதார்கள். அழுதவர்களுக்கு அவிழ்த்துவிட்டேன். நீ அழவே இல்லை.

ஜெயிக்கப்போகிறவள் நீதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு காரணம். எழுத ஆரம்பித்த பிறகு எதற்கு ஒளிக்க வேண்டும்?

உன் இங்கா "நான் அழலம்மா" என்று சொன்னதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. பிள்ளைகள் வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த அடியைப் பற்றி நீ எழுதினதை நம்புகிறேன். நான் காலுக்குள் ஏற்றினது இறங்காமல் இருந்ததை, ஒன்பது வருஷம் திருட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வது ஒரு வாத்தியாராகச் சொல்வது, கவனமாகக் கேள். வகுப்பில் புதுச் சிறுசுகளுக்கு நான் எதையும் விளக்க மாட்டேன். நன்றாக ஆடுகிறவளை முன்னால் நிறுத்திவிட்டு, "அவ பின்னாடி போ" என்பேன். ஒரு மாதத்தில் அவளுடைய கழுத்து, அவளுடைய முதுகு, அவள் மூக்கை உறிஞ்சுவதுகூட இவர்களுக்கு வந்துவிடும். நாலு வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டு நடக்காது, முன்னால் போகிறவளைப் பார்த்துத்தான் நடக்கும். உன் வீட்டில் இரண்டே பேர் என்கிறாய். அப்படியானால் அவள் முன்னால் யார் நடக்கிறார்கள்?

உன் கணவர் இந்த மாத நடுவில் வருகிறார் என்றாயே. வந்ததும் அவரோடு அவளை வெளியே அனுப்பு. நீ கூடப் போகாதே. அவள் கண்ணில் படாமல் நின்று பார். ஊசிக்கு முன்னால் இதைச் செய்.

அட்ராக்டா டூஹி

*

பிரே
17 மார்ச் 1988

மிஸ் டூஹி,

இன்றைக்கு உங்களுக்கு ஊர்வலம். இந்நேரம் அறுபது பிள்ளைகளையும் மழையில் வரிசையாக நிறுத்தித் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மேக்னஸ் செவ்வாய் அன்று வந்தார். நீங்கள் எழுதினதைக் காட்டவில்லை. "இங்காவைக் கூட்டிக்கிட்டு வில்லி வீட்டுல முட்டை வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். வில்லி அந்த அரை மைல் தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரன். "நீ வரலையா?" என்றார். "தலைவலி" என்றேன். மேலே படுக்கையறைத் திரைக்குப் பின்னால் போய்த் திருடி மாதிரி நின்றேன்.

அவர் கப்பல்காரர் நடை நடப்பார். கால் அகட்டி, கை இரண்டும் வீட்டு வாசலை அடைக்கிற மாதிரி. அவருக்கு நாலடி பின்னால் இவள். மிஸ், அவள் கை வீசினாள். வலது கை முன்னால், இடது கை பின்னால், துடுப்புப் போடுகிற மாதிரி. அவர் வாளியை ஆட்டினால் இவள் இல்லாத வாளியை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது பொறுக்க முடியாமல் வாசலுக்கு ஓடி, "இங்கா!" என்றேன். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாதி வழி வரைக்கும் கை வீசித்தான் வந்தாள். பாதி வழியில் இரண்டு கையும் மெதுவாக இறங்கிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. யாரும் சொல்லாமல். என் முகத்தைப் பார்த்தபடி.

மறுநாள் டாக்டரை வரவழைத்தோம். அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்து, அப்பா மகள் இருவரையும் முன்னும் பின்னுமாக நடக்கவிட்டுப் பார்த்தார். உங்கள் கடிதத்தையும் படித்தார். "சிலையோட தலையையா உடைச்சீங்க?" என்று கேட்டார். அபர்தீன் ரத்து. அவளுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் புரிந்தது. அவளுக்கு வந்த வியாதி நான்தான்.

ரிப்பன் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மிஸ். பச்சை நிறம். அது பரிசு என்று நினைத்திருந்தேன். மற்றவர்களிடமிருந்து ஒரு வாரத்தில் பிடுங்கிவிட்டீர்கள், எனக்கு மட்டும் விட்டுவைத்தீர்கள் என்று அவ்வளவு பெருமை. அம்மா அவிழ்க்க வந்தால் கத்துவேன். கட்டிக்கொண்டே தூங்குவேன். ஏழு வயதில் எனக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த முடிச்சில்தான் இருந்தது. அதையும் இப்போது எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

நேற்று தனியாகச் சாலையில் கை வீசி நடந்து பார்த்தேன். வேறு யாருடைய கையோ என் தோளில் தொங்குகிற மாதிரி இருந்தது. வலது காலோடு வலது கையே போகிறது. டிராக்டரில் வந்த வில்லி நிறுத்திவிட்டு, "என்னம்மா, கூப்பிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "ஏதாவது பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?" என்றான்.

எப்படி நிறுத்துவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். எப்படி அவிழ்ப்பது? அதையும் நீங்கள்தானே சொல்ல வேண்டும்? மேக்னஸ் அடுத்த மாதம் போய்விடுவார். மறுபடியும் அவள் முன்னால் நான்தான் நடப்பேன்.

நோரின்

*

என்னிஸ்டைமன்
28 மார்ச் 1988

நோரின்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் யோசித்தேன். எனக்குத் தெரியாது. கட்டுவதற்குத்தான் என் வாத்தியார் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷம் முன்னால் என் அண்ணன் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் அண்ணி என்னை நோக்கிக் கை விரித்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நின்றேன். கை இரண்டும் கோட்டுப் பைக்கு நேராக, நேர்கோடாக. தூக்கு, தூக்கு என்று உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளாக விலகிக்கொண்டாள். அந்தக் கோடையிலேயே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "அட்ராக்டா கல்லு" என்று யாரிடமோ சொன்னாளாம். தப்பு அவளுடையது இல்லை.

ரிப்பன்களை அடுப்பில் போட்டுவிட்டேன். ஊர்வலத்தில் மர்ஃபி பெண் கையை ஆட்டிக்கொண்டே ஆடினாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அசிங்கமாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதின மூன்று கடிதத்திலும் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேள்வி தீர்ந்துவிட்டால் நிறுத்திவிடுவாய் என்று நினைக்கிறேன். நியாயம்தான். ஆனாலும் கேள்வி இல்லாத கடிதம் ஒன்று எழுதுவாயா? எதைப் பற்றியாவது. இங்கே மாலையில் வகுப்பு விட்டதும் வீடு ரொம்பச் சத்தமில்லாமல் ஆகிவிடுகிறது.

அட்ராக்டா

*

பிரே
23 ஏப்ரல் 1988

மிஸ் டூஹி,

நாலு நாளாகக் காற்று. துணி எல்லாம் சமையலறைக்குள் தொங்குகிறது. இதை ஒரு ஈரப் போர்வைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேக்னஸ் புதன்கிழமை கப்பல் ஏறினார். இங்கா படகுத்துறையில் அழுதாள், நல்ல சத்தமாக. நான் தடுக்கவில்லை.

வாரத்தில் மூன்று காலை அவளைச் சர்ச் கூடத்தில் நடக்கும் சிறுவர் விளையாட்டுக் குழுவுக்கு அனுப்ப முடிவு செய்தேன். பதினோரு பிள்ளைகள். வில்லியின் மனைவி தன் இரண்டு பையன்களோடு இவளையும் நடத்திக் கூட்டிப்போகிறாள். நானே கொண்டுபோய் விடலாம். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்தப் பையன்கள் வழியெல்லாம் குச்சியால் வேலியை அடித்துக்கொண்டே போவார்கள். அவர்கள் பின்னால் போகட்டும்.

அவள் பிறந்ததிலிருந்து அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் இருந்ததே இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை குழாய் சொட்டுவது கேட்கிறது. முதல் நாள் நாலு தடவை அவள் கட்டிலைச் சரிசெய்தேன். போன் அடித்தால் விழுந்துவிட்டாளோ என்று நினைக்கிறேன், அடிக்காவிட்டாலும் அதையே நினைக்கிறேன்.

உங்கள் மீது எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று சொல்லவும் மாட்டேன். உங்கள் அண்ணி விலகிப்போனதை எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த அன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் கோபம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நேற்றுக் காலை இங்கா கிளம்பினாள். வாசல் வரைக்கும் என் பக்கத்தில் வந்தாள், கையை ஒட்டிக்கொண்டு. பையன்கள் "வாடி, லேட்டு" என்று கத்தினார்கள். ஓடினாள். பாலத்துக்கு அருகே ஒரு குச்சியை எடுத்தாள். அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டருகே நின்றிருந்தேன். அவளுக்குக் கை காட்டினேன். என் கை மேலே வந்து சேர்வதற்குள் அவள் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டாள். சாலையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே தூக்கி வைத்திருந்தேன்.

இது பதில் போட வேண்டிய கடிதம் இல்லை. போட்டால் இங்கே சனிக்கிழமைக் கப்பலில் தபால் வரும்.

நோரின்